ஒன்றுகூடலுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொழும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரே விடுதியில் இருந்து படித்த ஒன்பது பேர் நாங்கள். நான் கொழும்பு வெள்ளவத்தைக்காரன், படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி இங்கேயே இருந்துவிட்டேன். மற்றவர்களில் இரண்டு பேர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் மெல்பேர்னில், மிச்ச நாலு பேரும் சென்னை, திருச்சி, மதுரைப் பக்கம். சில வருடங்களுக்கு ஒருமுறை கொழும்பில் சந்திக்கிறோம். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் வரும், நானும் அதே பதில்களைத் தட்டுவேன். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விரல் நோகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் இல்லாதவர்களுக்கும் உதவட்டும்.

ஒன்றுகூடல் வெள்ளிக்கிழமைதானே? ஏன் புதன்கிழமையே வரச் சொல்கிறீர்கள்?

முதல் தடவை எல்லோரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் இருந்து நேராக ஹோட்டல். அறைக்குள் போனவர்கள் மூன்று நாள் வெளியே வரவில்லை. விடுதிச் சமையற்காரர், வார்டனின் சைக்கிள், பரீட்சைக்கு முதல் நாள் இரவு பார்த்த படம், யார் யாருக்குக் கடிதம் எழுதினான் என்று கதை போனது. நாலாம் நாள் காலை எல்லோரும் பெட்டியைக் கட்டினார்கள். மதுரைக்காரன் வீட்டுக்குப் போனதும், கொழும்பு எப்படி இருந்தது என்று மனைவி கேட்டிருக்கிறார். "ஏசி நல்லா இருந்துச்சு" என்றானாம்.

கூட்டாளிகள் கூடிவிட்டால் ஊர் கண்ணில் படாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதற்குத்தானே வருகிறோம். ஆனால் விடுதிக் கதைகளை எல்லாம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் முன்னே வந்து தனியாகச் சுற்றியவனிடம் புதிதாக ஒரு கதையாவது இருக்கும். போன தடவை திருச்சிக்காரன் முன்கூட்டியே வந்தான். வெள்ளவத்தையில், வடக்கே இருக்கிற புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போக நின்றவன், வீதியின் தவறான பக்கத்தில் நின்று 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, தெற்கே பாணந்துறை வரைக்கும் போய்விட்டான். வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அந்தக் கதைதான். பாணந்துறை பஸ் நிலையத்தில் அவனுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்ட கிழவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இப்போது அவரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார்.

எப்படி வருவது? கப்பலில் வரலாமா?

சென்னையில் இருந்து விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம் போல. மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். கப்பல் கேள்வி 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவை தொடங்கியதில் இருந்து வருகிறது. காங்கேசன்துறை இருப்பது யாழ்ப்பாணத்தில். அங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், தரைவழியே முக்கால்நாள் பயணம். அத்துடன் கடல் குழம்பும் மாதங்களில் கப்பல் நின்றுவிடும். யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டு வருகிற எண்ணம் இருந்தால் அருமையான வழி. கொழும்பு மட்டும் என்றால் விமானம்.

விசா விதிகளை இந்தச் சில வருடங்களில் அடிக்கடி மாற்றிவிட்டார்கள். நண்பன் போன வருடம் சொன்னதை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் அந்தந்த வாரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு என்னிடம் கேட்க வேண்டாம், எனக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை.

விமான நிலையத்தில் இருந்து ஊருக்குள் எப்படி?

விமான நிலையம் கட்டுநாயக்கவில். கொழும்புக்கு வடக்கே முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர். 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் வந்தால் நகர எல்லைக்கு அரை மணி நேரம். அதற்குப் பிறகு காலி வீதி நெரிசலில் இன்னொரு அரை மணி, முக்கால் மணி. கையில் ஒரு பை மட்டும் என்றால் 187ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வரலாம். நாலு பெட்டியும் மணப்பாறை முறுக்கு டின்னுமாக வருகிறவர்கள் பிக்மீயிலோ ஊபரிலோ வண்டி பிடியுங்கள். வெளியே வந்ததும் "சேர், டாக்ஸி?" என்று கையைப் பிடிப்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நடந்தால் போதும்.

எங்கே தங்கலாம்?

பெரிய ஹோட்டல்கள் கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டிப் பக்கம். எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி. கொழும்பு 6, கொழும்பு 4 என்று முகவரியில் வரும். காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும், கோயில் மணி கேட்கும், கடைக்காரர் தமிழில் கதைப்பார். காலி வீதியில் இருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் வாடகை அறைகள் நிறைய. எந்த ஒழுங்கையில் நடந்தாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல்.

ஒரு எச்சரிக்கை. 'கடல் பார்த்த அறை' என்று போட்டிருந்தால் எந்த யன்னலில் இருந்து என்று கேளுங்கள். ரொறன்ரோக்காரனுக்கு நான் பிடித்துக் கொடுத்த அறையில் கடல் தெரிந்தது உண்மை. குளியலறைக் கதிரை மேல் ஏறி நின்றால்.

தனியாக ஒரு காலை இருக்கிறது. எங்கே தொடங்குவது?

புறக்கோட்டை. வேறு பேச்சே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கடை பூட்டியிருக்கும், கிழமை நாளில் போங்கள். காலை ஒன்பது மணிக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் வாசலில் கேணல் ஒல்கொட்டின் சிலை நிற்கும். வீதியைக் கடந்தால் குறுக்குத் தெருக்கள் தொடங்கும்: முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணிக்கொண்டே போகலாம். நாட்டாமைகள் (இங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கு அந்தப் பெயர்) மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வரும்போது ஒரு சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் சுவரோரம் ஒதுங்குங்கள். வண்டிக்குப் பிரேக் கிடையாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் தலையைத் தூக்கினால் சிவப்புப் பள்ளிவாசல். ஜாமிஉல் அல்ஃபார் என்பது முழுப்பெயர். 1908, 1909இல் கட்டியது. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல்லைக் கோடு கோடாகவும் சதுரம் சதுரமாகவும் சுருளாகவும் வைத்திருக்கிறார்கள். கும்மட்டங்கள் மாதுளம்பழம் போல. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடலில் இருந்து இதைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிவார்கள் என்று சொல்வார்கள். இப்போது கீழே நிற்கிறவனுக்கே கடைப் பலகைகளுக்கு இடையில் தேடித்தான் தெரிகிறது. எதிர்ப்பக்க நடைபாதையில், பைக்கடை வாசலில் நின்றால் முழுக்கத் தெரியும்.

அங்கிருந்து பிரதான வீதி வழியே நடந்தால் செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் இதற்குக் கடல் தெரு என்று பெயர், நமக்கு எப்போதும் செட்டியார் தெருதான். இரண்டு பக்கமும் நகைக்கடை. நடுவில் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வைத்த கோயில்கள். ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்து புறப்படுகிற தேர் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகும். ஆடி மாதத்தில் வருகிறவர்கள் தேதி கேட்டுக்கொண்டு வாருங்கள். இதே தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. ஈழத்து எழுத்தாளர்களின் புத்தகம் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை என்று அழுகிறவர்கள் இங்கே ஒரு பையோடு போகலாம். (வெள்ளவத்தையிலும் கிளை உண்டு. தூக்கிக்கொண்டு நடக்க முடியாவிட்டால் அங்கே வாங்குங்கள்.)

இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. அங்கே இரண்டு இடம். ஒன்று பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் வைத்த கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். கொழும்பில் மற்றக் கோயில்களுக்கு எல்லாம் வர்ணம் பூசியிருப்பார்கள். இங்கே தூணும் கல், கூரையும் கல். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கால் வைத்தால் பாதத்தில் இருந்து குளிர் ஏறும். எண்ணெய்ப் புகை பிடித்து இருட்டாக இருக்கும். கண் பழக ஒரு நிமிடம் எடுக்கும், அந்த ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தஞ்சாவூரைப் பார்த்து வளர்ந்த நம் திருச்சிக்காரனே வாயை மூடிக்கொண்டு நின்றான்.

மற்றது புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமை போனால் சைவர், பௌத்தர், கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பதைக் காணலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த ஆலயங்களில் இதுவும் ஒன்று. இரண்டு மாதத்துக்குள் திருத்தித் திறந்தார்கள். அப்போது இருந்து வாசலில் பையைச் சோதிப்பார்கள். முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள்.

இவ்வளவும் நடை. இரண்டு, மூன்று கிலோமீற்றர்தான், ஆனால் வெயிலோடும் கூட்டத்தோடும் நாலு மணி நேரம் ஆகும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கழற்றி மாட்ட லேசான செருப்பு. சப்பாத்து வேண்டாம்.

கடலோர ரயில் என்று எல்லோரும் சொல்கிறார்களே, காலி நகரம் வரைக்கும் போக வேண்டுமா?

வேண்டாம். காலிக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ஒன்றுகூடலுக்குக் களைத்துப்போய் வருவீர்கள். வெள்ளவத்தையில் ஏறிக் கல்கிசையில் இறங்குங்கள். நடுவில் தெஹிவளை மட்டும்தான். பத்து, பதினைந்து நிமிடம். தெற்கே போகும்போது கடல் வலது கைப் பக்கம் வரும். மூன்றாம் வகுப்பு டிக்கெட், ஒரு பிளேன்டீயின் விலைகூட வராது என்று நினைக்கிறேன்.

பெட்டிக்குள் இடம் பிடித்து உட்கார்ந்தால் பாதிதான் கிடைக்கும். வாசல் பக்கம் நின்று பாருங்கள், ஆனால் கம்பியை விட வேண்டாம். தொங்கிக்கொண்டு படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. பாதைக்கும் அலைக்கும் நடுவில் கருங்கல் அடுக்கு மட்டும். கடல் பொங்கும் மாதங்களில் தண்ணீர் தெறித்து யன்னல் சட்டம் எல்லாம் உப்புப் பூத்திருக்கும். விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. ஐம்பது வயது அவனுக்கு.

கல்கிசையில் மணல் கடற்கரை. காலை வெறிச்சென்று இருக்கும், மாலை கூட்டம். நீந்த ஆசைப்படுகிறவர்கள் அங்கேயே சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம். வெள்ளவத்தைப் பக்கம் கல்லும் பாறையும், இறங்க வேண்டாம்.

வடக்கே கோட்டைக்குப் போகும்போது கவனியுங்கள்: பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை இடது கையில் கடல். பிறகு திடீரென்று கடல் காணாமல் போய், கொம்பனித்தெருவில் பேரை ஏரி வரும். ஒரு பெரிய தண்ணீர் போய் இன்னொரு சின்னத் தண்ணீர். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இந்த ரயிலில் ஏறாதீர்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் கூட்டத்தில் கடலாவது ஏரியாவது, முன்னால் நிற்கிறவரின் முதுகுதான் தெரியும்.

காலிமுகத்திடலில் என்ன இருக்கிறது? வெறும் புல்வெளி என்கிறார்களே?

புல்லும் பாதி நாள் இருக்காது. ஆனால் சென்னைக்காரர்களுக்கு நான் கட்டாயம் சொல்கிற இடம் இதுதான். மெரினாவில் சூரியன் கடலில் இருந்து எழும்பும். இங்கே கடலுக்குள் விழும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏதோ தலைகீழாக நடக்கிற மாதிரி இருக்கும். வருடத்தில் எந்த மாதம் என்றாலும் மாலை 5.30க்குப் போய் உட்கார்ந்தால் தவறாது.

ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று பின்னால் வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய பழைய ஹோட்டல். வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம், இப்போது ஜனாதிபதி செயலகம். அதன் முன்னால்தான் 2022 ஏப்ரலில் இளைஞர்கள் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு ஜனாதிபதியை நாட்டை விட்டு ஓட வைத்தது. இன்று அந்த இடத்தில் பட்டம் விற்கிறார்கள். கடல் பக்கமாகப் பார்த்தால் மண் நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம், 269 ஹெக்டயர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே கப்பல்கள்தான் நின்றன.

சாப்பிட வேண்டியது இறால் வடை. பருப்பு வடையின் மேல் இரண்டு, மூன்று இறாலை ஓட்டோடு பதித்துப் பொரித்திருப்பார்கள். வண்டிக்காரர் அதைக் கத்தியால் நாலு துண்டாக்கி, வெங்காயமும் மிளகாயும் தூவி, காகிதத்தில் வைத்துக் கொடுப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் மதியத்தில் இருந்து அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். "சூடாகப் போட்டுத் தாங்கோ" என்று கேட்டுக் காத்திருங்கள். விலையை முதலில் கேளுங்கள். கேட்காமல் சாப்பிட்டவரிடம் ஒரு வடைக்கு ஹோட்டல் பில் போட்ட வண்டி ஒன்றை எனக்குத் தெரியும்.

சிங்களம் தெரியாது. தமிழை வைத்துச் சமாளிக்கலாமா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையில் தமிழ் போதும். புறக்கோட்டையில் முஸ்லிம் வியாபாரிகள், மலையகத்தில் இருந்து வந்த கடைப் பையன்கள் எல்லோரும் தமிழ்தான். மற்ற இடங்களில் ஓட்டோக்காரரிடம் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கை. பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும். தமிழ்ப் பலகையில் எழுத்துப்பிழை பார்த்தால் படம் எடுத்து எங்கள் குழுவில் போடுங்கள், நாங்கள் சேர்த்து வைக்கிறோம்.

இரண்டு, மூன்று சிங்களச் சொல் தெரிந்தால் முகங்கள் மலரும். "கீயத?" என்றால் எவ்வளவு. "ஸ்தூதி" என்றால் நன்றி. "பஹினவா" என்றால் இறங்கப் போகிறேன். பஸ்ஸில் இதைச் சத்தமாகச் சொல்லாவிட்டால் பாணந்துறைதான். அக்கா என்றால் சிங்களத்திலும் அக்காதான். ஆனால் அவர்கள் "அய்யா" என்றால் அண்ணன். உங்களை யாராவது அய்யா என்று கூப்பிட்டால் வயதாகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம்.

எங்கள் தமிழிலும் சில இடத்தில் தடுமாறுவீர்கள். "ஓம்" என்றால் மந்திரம் இல்லை, ஆமாம். "ஆறுதலா வாங்கோ" என்றால் யாரும் செத்துப் போகவில்லை, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம். மதுரைக்காரன் மனைவி முதல் முறை வந்தபோது, சாப்பாட்டுக்கு மரக்கறி வைக்கட்டுமா என்று என் அம்மா கேட்டார். அந்தப் பிள்ளை, "அத்தை, நாங்க கறி சாப்பிடுறதில்லை" என்றது. மரக்கறி என்றால் காய்கறி என்று விளங்க வைக்க ஐந்து நிமிடம் எடுத்தது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நன்றாகக் கிடைக்கும். 'சைவக் கடை' என்று கேளுங்கள், எல்லோரும் காட்டுவார்கள். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதியிலேயே வரிசையாக இருக்கின்றன. தோசையைப் பொறுத்தவரை திருச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், வம்பு. இடியப்பத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். சிவப்பரிசி மா இடியப்பம், மஞ்சள் நிறச் சொதி, தேங்காய்ச் சம்பல். சொதியைச் சாம்பார் மாதிரி ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துச் சாப்பிடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொத்து ரொட்டி. இரவு ஏழு மணிக்குப் பிறகு இரும்புக் கல்லில் இரண்டு தகட்டால் கொத்துகிற தாளம் ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கடை வந்துவிடும். மாலையில் இன்னொரு சத்தமும் கேட்கலாம்: பாண், அதாவது உங்கள் ஊர் பிரெட், விற்கிற ஓட்டோ. பீத்தோவனின் ஒரு பியானோ மெட்டைக் கிரீச்சென்று போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும். ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகளோடு ஓடி வந்த லண்டன்காரன் ஒரு இறாத்தல் பாணோடும் இரண்டு மாலு பாணோடும் திரும்பிப் போனான். மாலு பாண் என்றால் உள்ளே மீன். சைவக்காரர்கள் பார்த்து வாங்குங்கள்.

நூதனசாலைக்கு (அருங்காட்சியகத்துக்கு) போகலாமா? ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், கொழும்பு 7இல். ஒரு மணி நேரத்தில் முழுக்கப் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகளைப் பாருங்கள். அப்புறம் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் போங்கள்.

சீனத் தளபதி செங் ஹோ கொண்டு வந்த கல் இது. 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழியில் எழுத்து. சீனத்தில் புத்தரைப் புகழ்ந்திருக்கிறது, பாரசீகத்தில் அல்லாவை, தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனார் என்ற தெய்வத்தை. ஒரே கப்பலில் வந்த ஆள், மூன்று வாசலிலும் காணிக்கை வைத்திருக்கிறார். வியாபாரம் தெரிந்தவர். 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் இதைக் கண்டபோது கால்வாய்க்கு மூடியாகக் கிடந்தது. எழுத்து தேய்ந்துவிட்டது, ஆனால் சரிந்து நின்று பார்த்தால் தமிழ் எழுத்தின் வளைவுகள் பிடிபடும். எங்கள் சென்னைக்காரன் தமிழ் எம்.ஏ. அவன் அந்தக் கல்லுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றான். நான் வெளியே ஆலமர நிழலில் இருந்தேன்.

பழைய இலங்கை வானொலி நிலையத்தைப் பார்க்கலாமா?

தமிழ்நாட்டில் இருந்து வருகிற ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கட்டடம் கொழும்பு 7இல், சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில். வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். மயில்வாகனத்தையும் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் திருச்சி வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த ஒருவன் அந்தக் கேற்றுக்கு முன்னால் நின்று, "வணக்கம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று சொன்னான். காவலாளி சிரித்துவிட்டார். அவருக்கு இது பழக்கம் போல.

தாமரைக் கோபுரத்தில் ஏறலாமா?

ஏறலாம், 350 மீற்றர், 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நான் ஏறவில்லை. எங்கே நின்றாலும் தெரிகிறது, வழி தவறினால் திசை பார்க்க உதவும்.

எந்த மாதம் நல்லது? மழை?

டிசெம்பர் முதல் மார்ச் வரை. மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்று, கடலும் கொந்தளிக்கும். ஒக்டோபர், நவம்பரில் காலை வெயில் அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் வந்தால் நடையை எல்லாம் காலையில் முடித்துவிடுங்கள். மழை பிடித்தால் ஓடாதீர்கள், ஏதாவது ஒரு தேநீர்க்கடைக்குள் ஒதுங்கி இஞ்சி பிளேன்டீ சொல்லுங்கள். அது குடித்து முடிய மழையும் முடியும், பெரும்பாலும்.

போயா நாள் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள்?

ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே பொது விடுமுறை. அன்றைக்கு மது விற்பனை கிடையாது. நம் கூட்டத்தின் இரண்டாவது ஒன்றுகூடலுக்கு நாள் குறித்தவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. (நான்தான்.) ஒன்பது பேரும் முதல் இரவு முழுக்க நெக்டோ குடித்தோம். சிவப்பு நிறத்தில் இனிப்பான சோடா அது. ஒருவன் மட்டும் கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கவில்லை. மே மாதம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையில் வந்தால் வேறு விஷயம்: ஊர் முழுக்க வெளிச்சக்கூடு, வீதியோரம் தன்சல் என்று இலவசச் சாப்பாடு. வரிசையில் யாரும் நிற்கலாம்.

பணம், சிம், பிளக்?

ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கைக் காசு மூன்றுக்கு மேல் வரும். விலையைக் கேட்டதும் பயந்துவிடாமல் மூன்றால் வகுத்துப் பாருங்கள். யூபிஐ 2024 பெப்ரவரியில் இங்கே அறிமுகமானது, ஆனால் வடைக்காரரிடம் எதிர்பார்க்க வேண்டாம், சில்லறைத் தாள் வைத்திருங்கள். சிம் விமான நிலையத்திலேயே டயலொக்கோ மொபிடெல்லோ எடுக்கலாம். பிளக் சில இடத்தில் உங்கள் ஊர் உருண்டைக் கால், சில இடத்தில் லண்டன் மாதிரிச் சதுரக் கால். ஒரு அடப்டர் கொண்டு வாருங்கள்.

பெண்கள் தனியாகச் சுற்றலாமா?

மெல்பேர்ன்காரரின் மகள் தனியாகத்தான் மூன்று நாள் சுற்றினாள். பகலில் நான் சொன்ன எந்த இடத்துக்கும் போகலாம். நெரிசல் பஸ்ஸில் உரசுகிறவர்கள் உண்டு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சத்தம் போட்டால் நடத்துனரும் சனமும் உதவிக்கு வருவார்கள். இருட்டிய பிறகு பிக்மீ. கோயிலுக்கும் விகாரைக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு.

வெள்ளவத்தையில் பழைய கதைகளைக் கேட்கலாமா? 83 ஜூலைக் கலவரம் பற்றி?

கேட்காதீர்கள், கேளுங்கள் இரண்டையும் சொல்ல முடியாது. சிலர் தாங்களாகவே சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுச் சுவரின் அடியில் இன்னும் கரி படிந்த செங்கல் தெரியும். வீட்டுக்கார அம்மா அதை மட்டும் பூசவிடவில்லை. அவரிடம் நான் இதுவரை காரணம் கேட்டதில்லை. வாசிக்க விரும்புகிறவர்கள் 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போகலாம். 1942இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகம், மின்விசிறிக்குக் கீழே அமைதியாக உட்காரலாம்.

சரி, வெள்ளிக்கிழமை எங்கே சந்திப்பது?

ஹோட்டல் அறை வேண்டாம் என்று போன தடவையே முடிவு செய்தோம். மாலை 5.30க்குக் காலிமுகத்திடல், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். அடையாளம் தெரியாது என்று கவலைப்படுகிறார்கள் சிலர். தலைமுடி போனாலும் நடை மாறாது. தூரத்தில் வரும்போதே யார் என்று தெரிந்துவிடும், நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

வரும்போது என்ன கொண்டு வர?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் எல்லோரும் ஒரே பதில்தான்: மணப்பாறை முறுக்கு. வேறு எதுவும் வேண்டாம், சேலை வேண்டாம், அல்வா வேண்டாம். டின்னில் போட்டு, டேப் ஒட்டிக் கொண்டு வாருங்கள். காலிமுகத்திடலில் வைத்துத் திறப்பதென்றால் முதலில் மேலே பாருங்கள். கொழும்புக் காகம் கையில் இருப்பதைத்தான் எடுக்கும், கீழே விழுந்ததைச் சீண்டாது. போன தடவை ஒரு கிலோ முறுக்கில் எங்களுக்குக் கிடைத்தது பாதிதான்.